சனிக்கிழமைப் பந்து

டண்டினொங், மெல்பேர்ண்
9-6-1978

திரு. மகாதேவன் அவர்களுக்கு,

கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நலம் விசாரித்து எழுதவில்லை, ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். இவருடைய பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். நான் இரத்தினசிங்கத்தின் மனைவி பவளம்.

நீங்கள் இரண்டு பேரும் விளையாடிய பேஸ்போல் கிளப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது. அதில் ஒரு சுவருக்கு, அமெரிக்காவில் இருப்பதைப் போல, ‘ஹோல் ஒஃப் ஃபேம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிளப்பில் விளையாடிய மிகச் சிறந்தவர்களின் பெயரைப் பித்தளையில் வெட்டி அங்கே பதிக்கப் போகிறார்கள்.

போன கிழமை செயலாளர் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தேநீர் குடித்தார். இவரைப் போல எறிந்தவர் கிளப்பில் வேறு யாரும் இல்லை, மட்டையைச் சுழற்றியவர்கள் எல்லாம் பந்து எங்கே போனது என்று தெரியாமல் முழித்தார்கள் என்றார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுப் பேச்சை இழுத்தார். இவர் பந்தில் ஏதோ பூசினார் என்று சிலர் சொல்கிறார்களாம். கள்ளம் செய்தவரின் பெயர் சுவரில் ஏறக் கூடாதாம். எறிந்தவர் போய்விட்டார், பிடித்தவர் இருக்கிறார். கச்சராக நின்ற மகாதேவன் ‘பூசவில்லை’ என்று ஒரு கடிதம் தந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்றார். ஆகஸ்ட் பதினோராம் தேதி கூட்டம்.

சாவீட்டுக்கு வராத மனிதரிடம் உதவி கேட்க எனக்கும் கூச்சம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் செத்தவர்கள் எல்லாருக்கும் ஒரு கல் இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க ஆள் வருகிறது. இவரை நாங்கள் எரித்தோம். சாம்பலைக் கடலில் கரைத்தோம். இந்தக் கண்டத்தில் எந்த இடத்திலும் இவருடைய பெயர் இல்லை. அந்தச் சுவர் ஒன்றுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேறு யாரிடம் சொல்வது. இவர் கராஜ் சுவரில் பந்தை எறிந்து பழகுவது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை காலைகளில் இன்னும் அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது. தப் என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்துத் தப் என்று இன்னொன்று. எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. பெயரைச் சுவரில் வைத்துவிட்டால் ஆறுதலாகப் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை எழுதித் தாருங்கள்.

பவளம்


லிட்கம், சிட்னி
21-6-1978

பவளமக்காவுக்கு,

‘திரு’ போட்டு எழுதியிருக்கிறீர்கள். ‘தம்பி, சாப்பிட்டிட்டுப் போ’ என்று குசினியில் இருந்து கூப்பிட்ட அக்கா அப்படி எழுதியது சுட்டது. சுடட்டும், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்டதை என்னால் எழுத முடியாது. பந்தில் எண்ணெய் இருந்தது. வேசலினோ எஞ்சின் எண்ணெயோ இல்லை, நல்லெண்ணெய். நம் மூக்குக்குத் தெரியாத மணமா? அண்ணை தொப்பியைத் தூக்கித் தலையைத் தடவுவார். அதே கையால் பந்தைப் பிடிப்பார். எண்ணெய்ப் பந்து நேராக வருவது போல வந்து, அடிக்கிறவனுக்கு முன்னால் பொத்தென்று கீழே விழும். ஒரு நாள் அம்பயர் பந்தை மோந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு யார் சீனச் சாப்பாடு சாப்பிட்டது என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார்.

நீங்கள் ஒரு மட்சுக்கும் வந்ததில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். கச்சர் குந்தியிருந்து, எதிராளிக்குத் தெரியாமல் விரலைக் காட்டிப் பந்தைக் கேட்பான். ஒரு விரல் என்றால் நேர்ப் பந்து. இரண்டு விரல் என்றால் விழுகிற பந்து. எறிகிறவர் தலையாட்டிவிட்டு எறிவார். எழுபத்திநாலாம் ஆண்டு ஜூலையில் கெவின் என்ற பெடியனுக்கு எறிந்த விழுகிற பந்து விழவில்லை. கையை விட்டு வழுக்கி முகத்துக்குப் போனது. அவனுக்கு இடது கண் போய்விட்டது.

அடுத்த மாதம் இறுதி மட்ச், அதே கெவினுடைய அணியோடு. நான் இரண்டு விரல் காட்டினேன். அண்ணை மாட்டேன் என்று தலையை அசைத்தார். திரும்பவும் காட்டினேன், திரும்பவும் மாட்டேன் என்றார். அன்று முழுக்க நேர்ப் பந்துதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பது போலப் போட்டுக் கொடுத்தார், அவர்கள் வெளுத்து வாங்கினார்கள். மைதானத்திலேயே கத்திவிட்டேன். ‘வேணுமெண்டு தோத்தீங்கள்! கண் போனவனுக்குக் காணிக்கையோ?’ என்று கேட்டேன். அவர் கிளவுஸைக் கழற்றிக்கொண்டு, ‘நான் எறியிறது இவ்வளவுதான், மகாதேவன்’ என்றார். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. அடுத்த கிழமை நான் சிட்னிக்கு வந்துவிட்டேன்.

ஊரில் அவர் கிரிக்கெட் விளையாடியபோது, பந்து போடவில்லை, எறிகிறார் என்று நோபோல் கொடுத்து அணியில் இருந்தே நிறுத்தினார்கள். ‘எறிகாரன்’ என்ற பட்டத்தோடு கப்பல் ஏறியவர். எறிவதே விளையாட்டான ஒரு விளையாட்டை இங்கே கண்டபோது அவருக்கு வந்த சந்தோஷம் எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் ஆறவில்லை. வென்றபோதும் கள்ளம், தோற்றபோதும் கள்ளம். நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

என்னுடைய கிளவுஸ் பின்னறை ஆணியில் தொங்குகிறது. இத்தனை வருடமாகியும் சனிக்கிழமைகளில் அந்த எண்ணெய் மணக்கிறது. மற்ற நாட்களில் இல்லை. இதை எங்கள் வீட்டு ஆட்களிடமும் சொன்னதில்லை.

மகாதேவன்


டண்டினொங்
27-6-1978

மகாதேவன்,

‘திரு’ சுட்டது என்றீர்கள், எடுத்துவிட்டேன்.

கச்சர் விரலைக் காட்டிக் கேட்பான், எறிகிறவர் கொடுப்பார். நன்றாகத்தான் விளங்கப்படுத்தினீர்கள், எனக்கும் நன்றாக விளங்கியது. கெவினுக்கு எத்தனை விரல் காட்டினீர்கள்? அதை மட்டும் எழுதாமல் தாண்டிப் போய்விட்டீர்களே. மணம் மூக்குக்குத் தெரியும், எண்ணெய்ப் பந்து விழும் என்று தெரியும், தெரிந்துகொண்டு கேட்டு வாங்கிய கை சுத்தம், கொடுத்த கை மட்டும் கள்ளமோ?

இனி எண்ணெய்க்கு வருகிறேன். அது என்னுடைய எண்ணெய்.

இவர் மிதுன ராசி. எழுபத்தொன்றில் ஏழரைச் சனி தொடங்கியது. அம்மா சுன்னாகத்தில் இருந்து எழுதினா: சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து முழுக வார், உயிருக்குக் கண்டம் இருக்கிறது என்று. வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்து வந்த பரிகாரம் அது. இங்கே சனிக்கிழமை மத்தியானம் மட்ச், அதுவும் குளிர்காலத்தில். முதல் கிழமை காலையில் முழுகிவிட்டுப் போனவர் சளி கட்டி, காய்ச்சலில் படுத்துவிட்டார். வேலைக்கும் போகவில்லை. எண்ணெய் வைத்தால் முழுக வேண்டும், அதுதான் முறை. நான் பயந்துபோய், எண்ணெயைக் காலையில் வைப்போம், முழுக்கை மட்ச் முடிந்து வந்த பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நானாக ஒரு சாத்திரம் எழுதினேன். ஊர் எண்ணெய் கிடைக்கவில்லை. சீனக் கடையில் கறுப்பாக ஒன்று விற்பான், அதுதான். ‘சனி பகவானுக்குச் சீனன்ரை எண்ணெய் ஒத்துக்கொள்ளுமோ?’ என்று இவர் பகிடி பண்ணுவார். தலையில் வைத்துத் தேய்த்து, அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்து அனுப்பிவிடுவேன்.

மனைவி தலைக்கு வைத்த எண்ணெயை நீங்கள் கள்ளம் என்று பெயர் வைத்து, ஒரு செத்த வீட்டையும் பார்க்காமல் விட்டீர்கள். இப்போது எழுதுங்கள் கடிதத்தை.

பவளம்


லிட்கம்
8-7-1978

அக்கா,

கெவினுக்கு நான் காட்டியது இரண்டு விரல். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிட்டேன். எழுதாமல் தாண்டியதும் உண்மை.

புதன்கிழமைப் பயிற்சியில் அண்ணையின் பந்து விழாது. எண்ணெயை மட்சுக்கென்று மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை மட்டும் ஒரு யாழ்ப்பாணத்து மனிதனின் தலை ஏன் மணக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரனுக்குத் தோன்றாதது சரி, எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? என் அப்பாவே சனிக்கிழமை கிணற்றடியில் எண்ணெயோடு நின்ற மனிதர்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுதுங்கள். இறுதி மட்ச் நடந்த அந்தச் சனிக்கிழமை அண்ணைக்கு எண்ணெய் வைத்தீர்களா? அன்று என் கிளவுஸில் மணம் இல்லை. தோற்ற கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில் இல்லைதான்.

இன்னொன்று. எழுதுவதா விடுவதா என்று இரண்டு தரம் பேனையை மூடினேன். நீங்கள் கேட்கிற சத்தத்தைத் தப் என்று எழுதியிருக்கிறீர்கள். செங்கல்லில் பட்ட பந்து டக் என்று காய்ந்த சத்தம் போடும். தப் என்பது கிளவுஸுக்குள் விழுகிற சத்தம். என் உள்ளங்கையில் கேட்ட சத்தம் அது. உங்கள் கராஜில் கிளவுஸ் இல்லை, அக்கா. அது இங்கே ஆணியில் தொங்குகிறது.

உங்களைப் பயப்படுத்த எழுதவில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

மகாதேவன்


டண்டினொங்
15-7-1978, சனிக்கிழமை

தம்பி மகாதேவன்,

இன்றைக்கும் கேட்டது. கதவோரம் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். நீர் சொன்னது சரி, தப்தான். இத்தனை காலமும் சுவர்ச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தனியாக எறியவில்லை என்று தெரிந்ததும், ஏனோ தெரியவில்லை, உம்மீது இருந்த கோபம் பாதி போய்விட்டது.

நீர் கேட்டதற்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை எண்ணெய் வைக்கவில்லை. நான் கிண்ணத்தோடு போனேன். ‘இண்டைக்கு வேண்டாம், பவளம்’ என்றார். ‘சனி பாத்துக்கொண்டிருக்குது’ என்றேன். ‘ஓம், அதுதான் வேண்டாம் எண்டுறன்’ என்றார். பிறகு அந்தக் குளிரில் குழாயடியில் தலையைக் கொடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. கெவினுடைய கண் போன நாளில் இருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. அந்தத் துக்கம் சாமி மேல் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னை எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட விடவில்லை. புரட்டாதிச் சனி வந்தது. விளையாட்டுக் காலம் முடிந்த பிறகும் காலையில் கராஜ் சுவரில் எறிந்துகொண்டிருந்தார். நான் குசினியில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. தேத்தண்ணிக்கு வருகிறார் என்று கேத்திலை அடுப்பில் வைத்தேன். வரவில்லை. டொக்டர் இதயம் என்றார். எண்ணெயை விட்டதால்தான் சனி கொண்டுபோனான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்றை மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. முதல் இரண்டு வருடமும் எண்ணெய் வைப்பதென்றால் பூனையைப் பிடித்துக் குளிப்பாட்டுவது போல இழுபறி. மூன்றாம் வருடம் ஒரு நாள் தானாகவே குசினிக்கு வந்து, கதிரையில் இருந்து, தலையைக் குனிந்து கொடுத்தார். ‘இன்னும் கொஞ்சம் வை’ என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமியை நம்பாவிட்டாலும் என்னை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் கலியாணத்தில் நான் பொத்தி வைத்திருந்தது அந்தக் குனிந்த தலையைத்தான். உம்முடைய கடிதங்களைப் படித்த பிறகு அது எதற்காகக் குனிந்தது என்று யோசிக்கிறேன். எனக்காகவா, பந்துக்காகவா? கேட்பதற்கு ஆள் இல்லை, தம்பி. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பவளமக்கா


லிட்கம்
23-7-1978

அன்புள்ள அக்கா,

‘நான் எறியிறது இவ்வளவுதான், மகாதேவன்.’ நாலு வருடமாக இதை ஒரு திமிர்ப் பேச்சு என்று நினைத்திருந்தேன். தலையைக் கழுவிவிட்டு வந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எண்ணெய் இல்லாமல் என் கை இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். நான் அதற்கு மேல் கத்திக்கொண்டிருந்தேன்.

குனிந்த தலையைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பருவம் முழுக்கத் தெரிந்தே எறிந்திருக்கவும் கூடும். நான் தெரிந்தே கேட்டது போல. ஆனால் இரண்டுக்காகவும் குனியக் கூடாதா? ஒரு தலைதானே இருக்கிறது மனிதனுக்கு.

நான் சாவீட்டுக்கு வரவில்லை என்கிறீர்கள். தந்தி கிடைத்த அன்றே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டிக்குள் கிளவுஸை வைத்திருந்தேன். ரயில் கிளம்பும்போது நான் பிளாட்பாரத்தில் நின்றேன். ஏறவில்லை.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். அந்தச் சுவருக்கு அண்ணை தகுதியானவரா என்று ஆட்டக்காரனாக என்னைக் கேட்டால், இல்லை. அவருடைய வெறும் கை சாதாரணக் கை. தோற்ற அந்த ஒரு மட்சுக்கு ஒரு சுவர் இருந்தால் முதல் பெயர் அவருடையது. அப்படிச் சுவர் யாரும் கட்டுவதில்லை.

ஆனாலும் உங்களுக்காக ஒன்று யோசித்தேன். ‘இரத்தினசிங்கம் பந்தில் எதையும் பூசவில்லை’ என்று எழுதினால் அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் பூசவில்லை, நீங்கள்தான் பூசினீர்கள், அதுவும் தலையில். அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப நான் தயார். பெயர் ஏறிவிடும். இல்லை, எல்லாவற்றையும் எழுது என்றால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், என் இரண்டு விரலையும் சேர்த்து. பெயர் ஏறாது. கல் இல்லாத மனிதருக்கு அது ஒன்றுதான் என்று நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. எதை அனுப்ப?

தம்பி மகாதேவன்


டண்டினொங்
13-8-1978

அன்புள்ள தம்பி,

உம்முடைய முழுக் கடிதமும் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ‘எல்லாவற்றையும் அனுப்பும்’ என்று நான் அடித்த தந்தியைக் கண்டு நீர் திகைத்திருப்பீர். அந்த ஒற்றை வரி கெட்டித்தனமான வரி. ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு நாள் வந்தது. ஆனால் இவர் குளிரில் நின்று கழுவிவிட்டுப் போனதை நான் எடுத்து மறுபடி பூசுவதா?

நானும் கூட்டத்துக்குப் போனேன். எண்ணெய்ப் போத்தலையும் கைப்பையில் கொண்டுபோனேன். சனி, முழுக்கு, குளிர் எல்லாவற்றையும் என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். போத்தல் கைக்குக் கை மாறியது. மோந்து பார்த்த ஒரு கிழவர், ‘அட, அந்தச் சீனச் சாப்பாடு!’ என்று விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திவிட்டார். அவர்தான் அந்த அம்பயராம்.

யாருடைய பெயரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நடைமுறைக்காகக் கேட்டார்கள். என் வாய் திறக்கவில்லை, தம்பி. பிறகு சொன்னேன். இரத்தினசிங்கம். முதல் தரமாக என் காதில் என் குரலில் அந்தப் பெயர் கேட்டது. அந்த மண்டபத்தில் எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் சரியாக வரவில்லை. நான் இன்னொரு தரம் சொல்லிக் கொடுத்தேன்.

பெயர் ஏறவில்லை. நல்ல மனிதர் என்றார்கள். சுவர் நல்ல மனிதர்களுக்கு இல்லையாம், ஆட்டக்காரர்களுக்காம். செயலாளர் காரில் கொண்டுவந்து விட்டார். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போடாமல் இருந்து அழுதேன். பித்தளையில் அந்தப் பெயரைத் தடவிப் பார்க்க ஆசைப்பட்டிருந்தேன், அதற்காக அழுதேன்.

பெயர் ஏறாவிட்டால் அவர் ஆறுதலாகப் போக மாட்டார் என்று பயந்தேன். அது சரிதான். நேற்றுச் சனிக்கிழமை, சத்தம் கேட்டது. ஆனால் எனக்கு முன்போல நெஞ்சு அடிக்கவில்லை. கதிரையைக் கராஜ் வாசலில் போட்டு, முடியும்வரை இருந்தேன்.

உம்முடைய பக்கம் எப்படி? எண்ணெய் மணக்கிறதா என்று எழுதும்.

பவளமக்கா


லிட்கம்
20-8-1978

அன்புள்ள அக்கா,

நேற்றுச் சனிக்கிழமை. வீட்டில் எல்லாரும் கடைக்குப் போய்விட்டார்கள். நான் பின்னறைக்குப் போய்க் கிளவுஸை ஆணியில் இருந்து எடுத்தேன். முகத்தோடு வைத்து மோந்தேன். பழந்தோல் மணம் மட்டும்தான். எண்ணெய் இல்லை.

நாலு வருடத்துக்குப் பிறகு அதற்குள் கையை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்தது போல. முழங்கால் இப்போது மடங்குவதில்லை, ஆனாலும் சுவரைப் பார்த்துக் குந்தினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அவரைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு விரலைக் கீழே காட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. கனநேரம் அப்படியே இருந்தேன். திரும்பவும் இரண்டு விரல் காட்டினேன். அறைக்குள் ஒரு அசைவும் இல்லை. அவர் மாட்டேன் என்று தலையை அசைக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பிறகு ஒரு விரல் காட்டினேன்.

தப்.

உள்ளங்கை இன்னும் எரிகிறது, அக்கா. நேர்ப் பந்து.

மகாதேவன்